அமெரிக்கக் காரும் நான் எழுதிய இரண்டு அறிக்கைகளும்

விபத்தில் சிக்கிய வாகனத்தைப் பார்வையிடக் காவல் நிலையத்துக்குப் போனால், உங்களை நிம்மதியாக வேலை பார்க்க விடமாட்டார்கள். மோட்டார் வாகன ஆய்வாளராகச் சேர்ந்து இன்னும் ஓராண்டுகூட ஆகாதவர்கள் நீங்கள். பிரேக்கை எப்படிச் சோதிப்பது, ஸ்டியரிங்கில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வண்டியைச் சுற்றி நின்று பேசுகிறவர்களை என்ன செய்வது என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸுக்குப் பிறகு, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில், அந்தப் பேச்சில் நானே போய் விழுந்தேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

கோடை முடிந்து முதல் தூறல் விழுந்த ஒரு மாலை. கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஒன்று வளைவில் பின்பக்கம் வழுக்கி, எதிரே வந்த மொபெட்டில் மோதியது. மொபெட்டில் வந்தவர் சின்னசாமி என்ற விவசாயி. இரண்டு மூட்டை சாமந்திப் பூவோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பூ ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததாகச் சொன்னார்கள். அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

காரை ஓட்டியவர் முனிராஜ், முப்பது முப்பத்திரண்டு வயதுள்ள சம்பள டிரைவர். காரில் வேறு யாரும் இல்லை. கார் ஒரு கல்குவாரி உரிமையாளருடையது. ரயிலில் வந்த தன் மச்சானை அழைத்து வர அவர்தான் டிரைவரை அனுப்பியிருந்தார்.

சாதாரணக் காராக இருந்திருந்தால் இவ்வளவு கதை இல்லை. அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் பூட்டிய வேக வண்டி. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். பெங்களூரில் ஒருவர் இறக்குமதி செய்து, ஷெட்டில் நிறுத்தி வைத்து அழகு பார்த்துவிட்டு, கடைசியில் இவருக்கு விற்றிருந்தார். நீளமான மூக்கு, உப்பிய பின்புறம், எருமைக்கடா முட்ட வருவது போன்ற முகம். நம் மாவட்டத்து ரோடுகளில் அப்படி ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நான் காவல் நிலையத்துக்குப் போனபோது வேப்பமரத்தடியில் அந்தக் காரைச் சுற்றிப் பதினைந்து பேராவது நின்றிருந்தார்கள். முன்பக்க விளக்கு ஒன்று உடைந்து, பம்பர் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். சின்னசாமி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அங்கே ஒருவரும் பேசவில்லை. பேச்செல்லாம் காரைப் பற்றித்தான்.

"ஜெர்மன் கார் வாங்கலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனுங்க சார். மாமா கேக்கல" என்றார் உரிமையாளரின் மச்சான். "இது நேர் ரோட்டுல மட்டுந்தான் புலி. வளைவுல திருப்புனா மூஞ்சி ஒரு பக்கம் போவுது, முதுகு ஒரு பக்கம் போவுது."

"உனக்கு என்னடா தெரியும்?" என்று உரிமையாளர் பாய்ந்தார். "நானூத்தி அம்பது குதிரைங்க சார்! ஓட்டத் தெரிஞ்சவன் தொட்டா கண்ணுக்குட்டி மாதிரி வரும். தெரியாதவன் கையில குடுத்தது என் தப்பு."

பக்கத்தில் நின்ற ஒரு மெக்கானிக் நடுவராக வந்தார். "ரெண்டு பேரு சொல்றதும் சரிதானுங்க. இது பின்சக்கரம் தள்ளுற வண்டி. நம்ம பசங்களுக்குப் பழக்கம் கெடையாது. மிதிச்சா மிதிச்ச எடத்துலயே சுத்திரும்."

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிறுவயதிலிருந்தே எஞ்சின் என்றால் எனக்குப் பைத்தியம். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு சின்ன சொற்பொழிவே செய்தேன். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஓரமாக நின்றிருந்த முனிராஜிடம் சாவியை வாங்கினேன். உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். அந்தச் சத்தத்தில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தன. நிலைய வளாகத்துக்குள்ளேயே இருபதடி முன்னும் பின்னும் ஓட்டினேன். பிரேக் பிடித்தது. ஸ்டியரிங் சரியாக இருந்தது. இறங்கி டயர்களைப் பார்த்தேன். ஆழமான வரிகள், தேய்மானமே இல்லை. செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தேன்.

ஏட்டு வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்ததாக முனிராஜ் சொல்லியிருந்தார்.

"நாப்பதா?" என்றார் மச்சான். "அந்த வண்டியில ஏறி உக்காந்தாவே நாப்பதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலையே அறிக்கை எழுதி அனுப்பினேன். பிரேக் நன்று, ஸ்டியரிங் நன்று, டயர்கள் நன்று. விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல. நம் அறிக்கையில் வரும் அந்தக் கடைசி வரி எவ்வளவு கனமானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வண்டியில் கோளாறு இல்லை என்றால், கோளாறு ஓட்டியவனிடம் என்று அர்த்தம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கு நடக்கும். முனிராஜ் அதிவேகமாக, அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று வழக்கு பதிவானது. ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். குவாரிக்காரர் அவரை வேலையை விட்டும் நிறுத்தினார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. அடுத்தடுத்து கோப்புகள் வந்துகொண்டே இருந்தன.

ஒன்றரை மாதம் கழித்து அதே கார் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. கர்நாடகப் பதிவெண்ணை மாற்றித் தமிழ்நாட்டுப் பதிவு வாங்க வேண்டும் என்று உரிமையாளரே ஓட்டி வந்திருந்தார். மச்சானும் கூடவே. நீதிமன்றத்தில் காரை விடுவித்து, விளக்கையும் பம்பரையும் மாற்றிப் பளபளவென்று மெருகேற்றியிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவர்கள், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வந்த லாரிக்காரர்கள், டீ விற்கிறவர் உட்பட எல்லோரும் அங்கே கூடிவிட்டார்கள். மறுபடியும் அதே பட்டிமன்றம். ஜெர்மனா, அமெரிக்காவா? வளைவில் நிற்குமா, நிற்காதா? எனக்கே சலித்துவிட்டது.

சேசிஸ் எண்ணைச் சரிபார்க்கும் வேலையைச் சுகந்தியிடம் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டாம் நிலை ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. அந்தக் கூச்சலில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சேசிஸ் எண் அங்கே இருக்காது. எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னம்மா தேடறீங்க அங்க?"

"டயர் எந்த வருசம்னு பாத்தேன் சார். ஏழு வருசம் ஆயிருக்குது."

"வரி முழுசா இருக்குதே."

"வண்டி அவ்வளவா ஓடவே இல்லியே சார், எப்படித் தேயும்? ஷெட்டுல நின்னே காஞ்சிருக்குது. நகத்தால அழுத்திப் பாருங்க."

அழுத்தினேன். நகம் பதியவில்லை. கல்லைத் தொடுவதுபோல் இருந்தது. வரிகளுக்கு நடுவே முடி போல மெல்லிய வெடிப்புகள் ஓடின. டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் நான்கு எண்களாக அச்சிட்டிருப்பார்கள். எல்லா டயரிலும் இருக்கும். எனக்குத் தெரியாததல்ல, ஆனால் வரி ஆழமாக இருந்தால் அந்த எண்ணை நான் பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

உரிமையாளர் குறுக்கே வந்தார். "மேடம், இதுல வழுக்காம பாத்துக்கறதுக்கு கம்ப்யூட்டர் இருக்குதுங்க. டயரப் பத்திக் கவலையே வேணாம்."

"கம்ப்யூட்டர் சொல்றதை டயர்தானுங்க கேக்கணும்?" என்றார் சுகந்தி. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பழைய ரப்பர் செருப்பு மாதிரி சார். அடி தேஞ்சிருக்காது. ஆனா ஈரமான பாத்ரூம்ல போட்டுட்டுப் போனா வாரி வுட்டுரும்."

எனக்கு அந்தத் தூறல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு பெண், அதுவும் எட்டு மாத சர்வீஸ், இத்தனை பேர் முன்னால் எனக்குப் பாடம் நடத்துவதா என்ற வீம்பும் இருந்தது. "சரி, ஓட்டியே பாத்துடலாம்" என்றேன்.

எஃப்.சி.க்கு ஒரு தண்ணீர் லாரி வந்திருந்தது. அதன் டிரைவரிடம் சொல்லித் தேர்வுத் தளத்தில் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னேன். கூட்டத்தை மதில் பக்கம் ஒதுக்கினேன். சுகந்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி வேகத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். முப்பது வருடமாக லாரி, பஸ், டிராக்டர், தீயணைப்பு வண்டி என்று எல்லாவற்றையும் ஓட்டியவன் நான். ஒரு காரை வளைவில் திருப்பத் தெரியாதா?

வளைவுக்குள் நுழையும்வரை ஒன்றும் ஆகவில்லை. வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தொட்டேன். மிதிக்கவில்லை, தொட்டேன். உரிமையாளர் சொன்ன கம்ப்யூட்டரின் விளக்கு மினுக் மினுக்கென்று இரண்டு தடவை எரிந்தது. அதற்குள் பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. நான் எதிர்ப்பக்கம் திருப்பினேன். கார் அதைக் கேட்கவே இல்லை. அலுவலகக் கட்டடம், வேலி, தண்ணீர் லாரி, மதிலோரம் நின்ற ஆட்களின் முகங்கள் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியில் ஓடின. நின்றபோது வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம். ஆட்களுக்கும் எங்களுக்கும் நடுவே பத்தடி இருந்திருக்கும்.

சுகந்தி இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்திருந்தார். "முப்பத்தாறு சார்" என்றார்.

நான் எஞ்சினை அணைத்தேன். நாற்பதில் வந்தேன் என்று சொன்ன ஒருவனைப் பார்த்துச் சிரித்திருந்தேனே, அந்தச் சிரிப்பு என் காதிலேயே கேட்டது.

வெளியே கைதட்டல். நான் மிகைப்படுத்தவில்லை, உண்மையாகவே கைதட்டினார்கள். "செம சார்! இன்னொரு தடவ சுத்துங்க!" என்று ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். உரிமையாளர் ஓடி வந்து கதவைத் திறந்தார். முகமெல்லாம் பெருமை.

"பாத்தீங்களா சார், என்னா சுத்து சுத்துது! இதுக்குத்தானுங்க இந்த வண்டி!"

"இதத்தான நான் அன்னிக்கே சொன்னேன், வளைவுல நிக்காதுன்னு" என்றார் பின்னாலேயே வந்த மச்சான்.

இவர்களிடம் என்னத்தைச் சொல்வது? வண்டியிலிருந்து இறங்கி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "டயர் காய்ஞ்சு போயிருக்கு. இதை ரோட்டுல ஓட்ட விட முடியாது" என்றேன்.

உரிமையாளர் புத்திசாலி. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கூட்டத்துக்குக் கேட்காமல் பேசினார்.

"சார், நான் மறுக்கல. நாலு டயரையும் இன்னிக்கே மாத்திடறேன். நாளைக்குப் புது டயரோட வந்து நிக்கறேன், பாத்து கையெழுத்துப் போடுங்க. ரோட்டுல போறவங்களுக்கும் நல்லது. உங்களுக்கும் நல்லது. நீங்க ஏற்கெனவே டயர் நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. அதையும் யோசிச்சுக்கங்க."

மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை. மரியாதையான, நியாயமான யோசனை. உங்கள் சர்வீஸில் உங்களைக் கவிழ்க்கப் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நியாயமான யோசனைகள்தான். புது டயர் மாட்டிவிட்டால் கார் பத்திரமாக ஓடும். பழைய டயர் ஏதாவது குப்பைமேட்டுக்குப் போய்விடும். என் அறிக்கை அப்படியே நிற்கும். ஓய்வுபெற இரண்டு வருடம். "சரி, மாத்திட்டு வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், திறந்துவிட்டேன்.

சுகந்தி எப்போது பக்கத்தில் வந்தாரோ தெரியாது. "அப்ப அந்த டிரைவர் சார்?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார்.

சாவி என் கையிலேயே இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். வண்டி இங்கேயே நிற்கட்டும், டயரில் யாரும் கை வைக்கக்கூடாது என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் செல்போனை எடுத்து யார் யாருக்கோ பேசினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்கு நான்கு அழைப்புகள் வந்தன. முதல் ஆள், நான் யார் தெரியுமா என்றார். இரண்டாமவர், "காருக்கு என்னங்க, நல்லாத்தான் சுத்துச்சாமே" என்றார். மற்ற இரண்டையும் நான் எடுக்கவில்லை. என் செல்போனில் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். விபத்துக்கு மறுநாள் நானே எடுத்த படங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பின்டயரின் பக்கவாட்டில் அந்த நான்கு எண்களும் தெளிவாகத் தெரிந்தன. விபத்தின்போது இருந்த அதே டயர்கள்தான். நான் படமும் எடுத்திருக்கிறேன், படிக்கத்தான் இல்லை.

எங்கள் அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

"கூடுதல் அறிக்கைன்னு எழுதுனா, முதல் அறிக்கை தப்புன்னு நீங்களே சொல்ற மாதிரி ஆகும். கோர்ட்டுல உங்களைக் கூண்டுல ஏத்தி நார்நாராக் கிழிப்பாங்க. மெமோ வரலாம். பென்ஷன் நேரத்துல இது தேவையா?"

"தப்புதானே சார்" என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுதுங்க. ஆனா அந்தக் காரைப் பத்தி ஒரு வரி கூடுதலா எழுதாதீங்க. டயரை மட்டும் எழுதுங்க." எனக்கு அவர் கொடுத்த ஒரே அறிவுரை அது, மிகச் சரியான அறிவுரை. அமெரிக்கக் கார், நானூற்றைம்பது குதிரை, பின்சக்கர ஓட்டம் எதையும் நான் எழுதவில்லை. டயரின் வயது, வெடிப்பு, ஈரத்தில் முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுழன்றது, முதல் ஆய்வில் இதை நான் கவனிக்கத் தவறியது. முக்கால் பக்கம்தான்.

மறுநாள் கம்பைநல்லூர் பக்கத்தில் முனிராஜ் வீட்டுக்குப் போனேன். செங்கல் சூளையில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். சூளைக்கே போனேன். தலையில் சும்மாடோடு, உடம்பெல்லாம் செம்மண்ணாக வந்தார். இன்னொரு அறிக்கை அனுப்பியிருக்கிறேன், டயர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது எனக்குத் தெரியுமுங்களே" என்றார். "மழக்காலம் வருது, டயர மாத்திடலாமுங்கன்னு மொதலாளிகிட்ட மூணு தடவ சொன்னேன். வரி முழுசா இருக்குது, உனக்கு வெளிநாட்டு வண்டி ஓட்டத் தெரியலேன்னாரு."

"இதை ஏம்பா அன்னிக்கு எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சாவி மட்டுந்தானுங்க கேட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். அங்கே நின்ற பதினைந்து பேரிடமும் அந்தக் காரைப் பற்றி நான் பேசியிருந்தேன், மெக்கானிக்கிடமும் மச்சானிடமும் கூட. அதைத் தினமும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரே ஆளிடம் பேசவில்லை. சூளை முதலாளி தூரத்திலிருந்து சத்தம் போட்டார். முனிராஜ் சும்மாட்டைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். நீதிமன்றத்தில் அதிகாரி சொன்னதுபோலவே கிழித்தார்கள். இரண்டு அறிக்கையில் எது பொய் என்று வக்கீல் கேட்டார். பொய் எதுவும் இல்லை, முதலாவது பாதி வேலை என்று சொன்னேன். உரிமையாளரையும் வழக்கில் சேர்த்தார்கள். முனிராஜின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் நாலரை மாதம் ஓடிவிட்டது. சின்னசாமி இன்றும் சற்றே சாய்ந்துதான் நடக்கிறார். என் கூடுதல் அறிக்கையால் அவர் காலுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. குவாரிக்காரர் காரை விற்றுவிட்டு ஜெர்மன் கார் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். மச்சான் ஜெயித்துவிட்டார்.

சுகந்தி இப்போது வேறு மாவட்டத்தில் முதல்நிலை ஆய்வாளர். அவரிடம் நான் நன்றி சொன்னபோது, "டயரப் பாக்கறது ஃபார்ம்லயே இருக்குதுங்களே சார்" என்றுதான் சொன்னார். அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்த அவர் விரும்பவில்லை.

ஓய்வுபெற்று இத்தனை நாளான பிறகும் கல்யாண வீடுகளில் யாராவது என்னைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறார்கள். "நீங்கதானே சார் அந்த அமெரிக்கக் காரை ஆபீஸ்ல சுத்தவிட்டது? எப்படிங்க இருந்துச்சு?" சாப்பாட்டுப் பந்தியில்கூட விடுவதில்லை. அந்த டிரைவர் என்ன ஆனார் என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை.

நீங்களும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முனிராஜ் மொரப்பூர் பக்கம் பால் வேன் ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். எப்போதாவது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எதிர்ப்படுவார். வணக்கம் சொல்லமாட்டார். நான் சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேனில் ஏறிப் போய்விடுவார். எனக்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.